எட்டாம் நம்பருக்கும் பதினொன்றுக்கும் நடுவில்

தொண்டி தண்ணீரில் இறங்கப் போகிறான் என்ற சேதி, காலையில் ஆள் திரட்டுகிற பெரட்டுத் தப்பையும் முந்திக்கொண்டு குருவிமலைத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் ஓடிவிட்டது. பெண்கள் மலையேறிக் கொழுந்து பறிக்க நெரை நெரையாக நின்றபோது அதற்குக் கையும் காலும் முளைத்திருந்தன.

"கேட்டியாக்கா? ஒங்க வீட்டுக்காரரு சின்னதொரையோட பந்தயம் கட்டியிருக்காராம். தோத்தா மீசைய எடுக்கணுமாம்" என்றாள் அடுத்த நெரையில் நின்ற லெட்சுமி.

"பந்தயமுமில்ல ஒண்ணுமில்ல. கையப் பாத்துப் பறி. ஒங் கூடையில கொழுந்த விட வாய்தான் நெறைஞ்சிருக்கு" என்றாள் மீனம்மா.

"தண்ணிக்கடியில பேய் இருக்குங்கிறாங்களே. நம்ம பழைய லயமெல்லாம் அங்கதானே கெடக்கு."

"அந்த லயத்துல இருந்தப்ப நாம மட்டும் என்னவா இருந்தோம்?"

நெரை முழுக்கச் சிரித்தது. மேல் ரோட்டில் நின்ற கங்காணி குடையைத் தரையில் தட்டினார். சிரிப்பு தலைக் கம்பளிக்குள் போய் ஒளிந்துகொண்டது. மீனம்மா மட்டும் கீழே பார்த்தாள்.

கீழே தண்ணீர். இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்பு வரைக்கும் அங்கே ஆறுதான் ஓடியது. மின்சாரத்துக்காக அணையைக் கட்டி மறித்தார்கள். ஆறு நின்று, புரண்டு, ஏறியது. கீழ் ரோடு போயிற்று. பழைய லயம் போயிற்று. ஒன்பதாம் பத்தாம் நம்பர் மலைகள் முழுசாகவே முங்கின. அவற்றுக்கு இந்தப் பக்கம் எட்டாம் நம்பரும் அந்தப் பக்கம் பதினோராம் நம்பரும் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் துரைராசா அவற்றைத் "தீவுகள்" என்றார். லயத்து ஜனம் அப்படிச் சொல்லவில்லை. தண்ணீருக்குள் நின்றாலும் எட்டாம் நம்பர் எட்டாம் நம்பர்தானே.

வருஷப் பிறப்பு விளையாட்டில் எப்போதும் கயிறிழுப்பும் வழுக்கு மரமும்தான் இருக்கும். இந்தத் தடவை எட்டாம் நம்பரிலிருந்து பதினொன்றுக்கு நீச்சல் என்று துரைமார் கிளப்பில் முடிவாயிற்று. தோட்டத்து உதவி மானேஜர் சின்னதுரை நீந்துகிறார். அணைக்கட்டில் வேலை செய்கிற சிங்களப் பையன்கள் இரண்டு பேர், சுமணதாசவும் அவன் கூட்டாளியும். லயத்திலிருந்து ஒரே ஒரு ஆள்.

அந்த ஆளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஆண்டியப்பன். ராமநாதபுரத்துக் கடற்கரையில் தொண்டி அவன் ஊர். உலக யுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால், மீசை அரும்பாத வயசில், சித்தப்பனோடு கப்பலேறி வந்தவன். வந்த நாளிலிருந்து பெரியவருக்கும் சின்னவருக்கும் அவன் தொண்டிதான். மீனம்மா புருஷன் பெயரைச் சொல்கிறவள் இல்லை. ஆண்டியப்பன் என்ற பெயர் தினமும் ஒரே ஒரு தடவை, பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளையின் வாயிலிருந்து புறப்படும். பெயரையும் அன்றைய வேலையையும் அவர் கூப்பிட, இவன் "ஐயா" என்று நிற்பான். அதோடு சரி.

இதெல்லாம் இருக்கட்டும். நெரையில் நின்ற யாருக்கும் தெரியாத ஒன்று மீனம்மாவின் நெஞ்சில் கிடந்தது. இந்த நீச்சல் விளையாட்டு இல்லை. அவளுடைய குடும்பம் இந்த மண்ணில் இருக்குமா, இல்லையா என்பது அந்தத் தண்ணீரில்தான் தீரப் போகிறது.

*

விஷயம் முந்தின வாரம் ஆரம்பித்தது.

அன்றைக்குச் சாயந்தரம் மீனம்மா அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். ஆண்டியப்பன் கவ்வாத்து மலையிலிருந்து வந்தான். நாள் முழுக்கத் தேயிலைச் செடிகளை மட்டமாக வெட்டிய கை, விரல் மடங்கவில்லை. கத்தியைக் கூரைச் சந்தில் செருகிவிட்டு அடுப்போரம் உட்கார்ந்தான். இரண்டு ரொட்டி உள்ளே போயிற்று. மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்.

"அடுத்த வாரம் கண்டிக்குப் போறேன் புள்ள. அங்க இந்திய ஆபீசுல, இந்தியாவுக்கே போயிடறோம்னு எழுதிக் குடுத்துடறேன்."

மீனம்மா திரும்பவில்லை. கல்லில் மாவைத் தட்டினாள்.

"எழுதிக் குடுங்க. எழுதிக் குடுத்துட்டு நீங்க போங்க. எம் மக லிந்துலையில வயித்துப் புள்ளையோட இருக்கா. மருமகன் வீட்டுல எல்லாருக்கும் இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கெடைச்சாச்சு. அவ வரமாட்டா. அவள விட்டுட்டு நான் எந்தச் சீமைக்கும் வரமாட்டேன்."

"நம்ம ஆளுகளத் திருப்பி அனுப்ப ரெண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டாச்சு. இன்னைக்கு நாமளாப் போகலேன்னா நாளைக்குப் புடிச்சு ஏத்துவாங்க."

"ஏத்துறப்பப் பாத்துக்கலாம். அரசாங்கத்த ஏன் இழுக்கிறீங்க? ஒங்களுக்குக் கடல் வேணும். அத வாயத் தொறந்து சொல்லுங்க."

ஆண்டியப்பன் ரொட்டியைத் தட்டில் வைத்தான்.

"ஆமா" என்றான்.

அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. கையில் மாவு காய்ந்தது.

"இத்தன வருஷம் மறந்துதான் கெடந்தேன். மழை, அட்டை, கவ்வாத்து, வேலாயி பொறந்தது, அவ கல்யாணம்னு ஓடிப்போச்சு. இந்தப் பாழாப்போன தண்ணி ஏறினதுலேருந்துதான் இப்படி. மலை மேல நின்னு கீழ பாத்தா அப்படியே எங்கூரு."

"கொழும்புல இல்லாத கடலா? யூனியன் ஊர்வலத்துக்குப் போயிட்டுப் பாத்துட்டுதானே வந்தீங்க?"

"அதுவா? சண்டைக்காரி மாதிரி வந்து வந்து கல்லுல முட்டுது. எங்கூருக் கடல் அலையடிக்காது புள்ள. அது பாட்டுக்குப் படுத்துக் கெடக்கும். இந்தத் தண்ணி மாதிரியேதான்." கொஞ்சம் யோசித்தான். "ஞாயித்துக்கெழம இதுல எறங்கிப் பாக்குறேன். எறங்கினப்புறம் எம் மனசு இது போதும்னு சொல்லிட்டா, கண்டிக்குப் போகல. வேலாயி மேல சத்தியம்."

"சொல்லலேன்னா?"

அவன் ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டான்.

மறுநாளிலிருந்து மீனம்மா மலைக்குப் போகும்போதும் இறங்கும்போதும் அந்தத் தண்ணீரைப் பார்த்து மனசுக்குள் பேச ஆரம்பித்தாள். கோயில் சாமிக்கு வேண்டிக்கொண்டதை விட அதனிடம்தான் அதிகம் வேண்டிக்கொண்டாள். ஆளைக் கொன்னுடாதே. அதே நேரம், அவரு கேட்டதக் குடுத்துடு ஆத்தா. கொஞ்சம் கடல் மாதிரி இருந்துடு.

*

ஞாயிற்றுக்கிழமை வெயில் நன்றாகவே அடித்தது.

பதினோராம் நம்பரில் தீ மூட்டி, கரையேறுகிறவர்களுக்குக் குடிக்கத் தேயிலைச் சாயம் போட்டு வைக்க மீனம்மாவையும் லெட்சுமியையும் கணக்கப்பிள்ளை அனுப்பியிருந்தார். கிளாக்கர் துரைராசா கிளப்புப் படகைப் பிடித்திருந்தார். படகில் ஒரு முனையில் இரண்டு பெண்கள், கேத்தல், சீனி டப்பா. மறுமுனையில் இடுப்புத் துண்டோடு ஆண்டியப்பன். மற்றவர்கள் முன்னாலேயே எட்டாம் நம்பருக்குப் போய்விட்டார்கள்.

"மீனம்மான்னு பேரு வச்சுக்கிட்டு இப்படிப் பலகையப் புடிச்சுக்கிட்டு நடுங்குறியேக்கா" என்றாள் லெட்சுமி.

"பேரக் கேட்டு ஏமாந்துதானே கட்டிக்கிட்டேன்" என்றான் ஆண்டியப்பன்.

கிளாக்கர் வாய்விட்டுச் சிரித்தார். யாழ்ப்பாணத்துக்கு மேற்கே வேலணை அவர் ஊர். அதுவும் ஒரு தீவு.

"தொண்டி, உமக்கும் எனக்கும் ஒரே கடல்தான், தெரியுமோ? நீர் அந்தக் கரை, நான் இந்தக் கரை. ஆவணி லீவுக்கு நான் ஊருக்குப் போறன். நீரும் வாருமன். ஆசை தீரக் குளிச்சிட்டு வரலாம்."

மீனம்மா பலகையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். இது தெரியாமல் இத்தனை நாள் கிடந்து தவித்தோமே! கப்பல் வேண்டாம், பாஸ்போர்ட் வேண்டாம், ரயிலேறிப் போய்விட்டு ரயிலேறி வந்துவிடலாம்.

"அங்கேருந்து பாத்தா தொண்டி தெரியுங்களா ஐயா?" என்று கேட்டான் ஆண்டியப்பன்.

"அதெப்பிடித் தெரியும்? தண்ணிதான் தெரியும்."

"அப்ப வேணாங்க ஐயா. அங்க வந்து நின்னா இன்னும் மோசமாப் போயிடும்."

கிளாக்கர் துடுப்பைக் கொஞ்ச நேரம் தூக்கியே வைத்திருந்தார். பிறகு தண்ணீரில் போட்டார்.

எட்டாம் நம்பரில் அவனை இறக்கிவிட்டுப் படகு நகர்ந்தது. அவன் கையைக் காலை உதறிக்கொண்டு நின்றான். வழக்கமாகக் குனிந்தே இருக்கிற முதுகு நிமிர்ந்திருந்தது. இந்த ஆளை இதற்கு முன் பார்த்ததில்லை என்று தோன்றியது மீனம்மாவுக்கு. கொஞ்சம் பயமாகவும் இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

நடுத் தண்ணீரில் போகும்போது அவள் குனிந்து பார்த்தாள். கறுப்பு. இதற்கடியில்தான் ஒன்பதாம் நம்பர். அவள் முதன்முதலில் கூடை கட்டின மலை. அந்தக் கல் வாய்க்காலைத் தாண்டி நாலாவது நெரையில்தான் வேலாயிக்கு இடுப்பு வலி கண்டது. இப்போது அதற்கு மேலே அவள் உட்கார்ந்து மிதக்கிறாள்.

பதினோராம் நம்பரில் கால் வைத்ததும் லெட்சுமி "அய்யய்யோ" என்றாள். கொழுந்து பறிக்க ஆளில்லை. கவ்வாத்துக்கும் ஆளில்லை. இடுப்பளவில் நின்ற செடியெல்லாம் ஆளுயரம் தாண்டி மரமாகிவிட்டிருந்தது. கிளை கிளையாக வெள்ளைப் பூ. தேயிலை இவ்வளவு பூக்கும் என்று இரண்டு பேருக்குமே தெரியாது. இத்தனை வருஷமும் பூக்கவிடாமல் கிள்ளிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

"கங்காணி பாத்தா மாரடிச்சு அழுவாரு" என்றாள் லெட்சுமி.

மீனம்மா காய்ந்த தேயிலை மிலாறுகளை ஒடித்துத் தீ மூட்டினாள். கேத்தல் ஏறியது. எட்டாம் நம்பரில் விசில் ஊதினார்கள்.

நாலு தலைகள். நாலு வெள்ளைக் கோடுகள். சுமணதாச படகு மாதிரிக் கிழித்துக்கொண்டு முன்னால் வந்தான். அவன் கூட்டாளி பின்னால். சின்னதுரை பாதி தூரத்துக்குள் குளிர் தாங்காமல் கையைத் தூக்கினார். கிளாக்கர் படகைக் கொண்டுபோய் அவரை இழுத்துப் போட்டார். ஆண்டியப்பன் எல்லோருக்கும் பின்னால் வந்தான். அவசரமே இல்லை. முகத்தை முக்கி எடுத்து, நிதானமாக, சந்தைக்குப் போகிறவன் மாதிரி.

"அண்ணே நீந்துறாரா, தூங்குறாரா?" என்றாள் லெட்சுமி.

அப்போதுதான் அது இறங்கியது.

மலைநாட்டில் மூடுபனிக்கு நேரங்காலம் கிடையாது. அணைப் பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைப் படங்குத் துணியை விரித்த மாதிரி வந்தது. எட்டாம் நம்பரை மூடியது. படகை மூடியது. சுமணதாச தடுமாறிக் கரையேறி மூச்சு வாங்குவதற்குள் தண்ணீரே தெரியவில்லை. அவன் கூட்டாளியும் இருமிக்கொண்டே கரையைத் தொட்டான்.

ஆண்டியப்பன் வரவில்லை.

மீனம்மா தண்ணீர் விளிம்புக்கு ஓடினாள்.

"ஏங்க! ஏங்க... இந்தாங்க!"

நாலு பக்கத்து மலையும் "ஏங்க ஏங்க" என்று திருப்பிச் சொன்னது. எந்தப் பெண் யாரைக் கூப்பிடுகிறாள் என்று எப்படித் தெரியும்?

"தொண்டியண்ணே!" என்று அலறினாள் லெட்சுமி. "தொண்டியண்ணே... ஓய்!"

எங்கேயோ வெள்ளைக்குள்ளிருந்து கிளாக்கரின் குரல். "தொண்டி! தொண்டீ!" சின்னதுரையும் சேர்ந்துகொண்டார். "டோண்டி!" சுமணதாசவுக்கு ஆளின் பெயரே தெரியாது, அவனும் எழுந்து வாயைக் குவித்துக்கொண்டு கத்தினான். "தொண்டி! தொண்டி!"

அதற்கு மறுகுரல் இல்லை. ஒரே ஒரு தடவை தண்ணீர் சளப்பென்றது. அடுத்த தடவை இன்னும் தள்ளிக் கேட்டது. அவன் வரவில்லை. போய்க்கொண்டிருக்கிறான்.

தொண்டி, தொண்டி. மலைகளெல்லாம் அதையே சொல்லின.

அது அவன் ஊர்ப் பெயர் என்பது மீனம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பாவிகளா, எங்கே போகச் சொல்லி அவரைக் கூப்பிடுகிறீர்கள்?

"வாய மூடுங்க!" என்று கத்தினாள். "யாரும் அந்தப் பேரச் சொல்லாதீங்க! வாய மூடு லெட்சுமி!"

லெட்சுமி பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள். சிங்களப் பையன்களும் அவள் முகத்தைப் பார்த்தே அடங்கினார்கள். மீனம்மா இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நின்றாள். வாயைத் திறந்தாள். வரவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தப் பெயரை அவள் நாக்கு தொட்டதில்லை. செல்லமாக எப்படிக் கூப்பிடுவது, நீட்டி எப்படிக் கூப்பிடுவது, ஒன்றும் தெரியாது. ஒரே ஒரு விதமாகத்தான் அதைக் கேட்டிருக்கிறாள். பெரட்டுக் களத்தில், குளிரில், வரிசையில் நின்று. அதே மாதிரி, கணக்கப்பிள்ளையின் அதே அதட்டலில், தொண்டை கிழியக் கத்தினாள்.

"ஆண்டியப்பேன்! கவ்வாத்து!"

மலைகள் அதை வாங்கி வைத்துக்கொண்டன. ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு.

வெள்ளைக்குள்ளிருந்து, வெகு தூரத்திலிருந்து, தூக்கத்தில் சொல்வது மாதிரி ஒரு பதில் வந்தது.

"ஐயா!"

"ஆண்டியப்பேன்!"

"ஐயா!"

துடுப்புச் சத்தம் அந்தப் பக்கம் திரும்பியது.

*

கிளாக்கர் கொண்டுவந்து போட்டபோது அவன் உதடு நீலம் பாய்ந்திருந்தது. லெட்சுமி தன் கம்பளியைக் கழற்றி அவன் மேல் எறிந்தாள். சாயம் குடிக்க வைத்தார்கள். பல் டம்ளரில் அடித்தது. சின்னதுரை அவன் தோளைத் தட்டி இங்கிலீசில் என்னவோ சொன்னார். படகில் இடம் போதாது. ஜெயித்த சுமணதாசவையும் மற்றவர்களையும் முதலில் கரை சேர்த்துவிட்டுத் திரும்பி வருவதாகக் கிளாக்கர் சொன்னார்.

"ரெண்டு பேரும் மெதுவா வாங்க. தனித் தீவு, தனிக் குடித்தனம்" என்று படகில் ஏறிக்கொண்டே சொன்னாள் லெட்சுமி. குரலில் இன்னும் நடுக்கம் போகவில்லை.

படகு மறைந்தது. தீ மட்டும் சடசடத்தது. பூத்த தேயிலை மரங்களிலிருந்து பனி சொட்டியது. மீனம்மா மிலாறைத் தள்ளிவிட்டாள். கேட்கவேண்டியதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"போதுமா?"

அவன் தலையை ஆட்டினான். இல்லை என்று.

"இந்தத் தண்ணி ஆளத் தூக்காது புள்ள. உப்பே இல்ல. எங்க தண்ணி கீழேருந்து கை குடுக்கும். இதுல நாமதான் நம்மளத் தூக்கிக்கிட்டுப் போகணும். பாதியிலயே தெரிஞ்சுபோச்சு. திரும்பிடலாம்னு நெனைச்சேன். அப்பத்தான் மூடிடுச்சு."

"அப்புறம்?"

"கரையில்ல. மலையில்ல. ஒண்ணுமில்ல. அப்பத்தான்..." அவன் தீயையே பார்த்தான். "அப்பத்தான் கடல் மாதிரி இருந்துச்சு. பாத்தா, தொண்டி தொண்டின்னு நாலாப் பக்கமும் கூப்புடுறாங்க. நான் அங்கதான் போயிக்கிட்டிருந்தேன். குளிரு தெரியல. ஒன் நெனைப்பும் இல்ல, மக நெனைப்பும் இல்ல. பொய் சொல்லக் கூடாதுல்ல."

மீனம்மாவின் நனைந்த சேலை தொடையில் ஒட்டிக்கொண்டு ஆவி விட்டது.

"நடுக் கடல்ல போயிக்கிட்டிருக்கேன். பெரட்டுக்கு ஆளு கூப்புடுறாங்க. நான் யோசிக்கவே இல்ல புள்ள. வாய் தானாச் சொல்லுது, ஐயான்னு." அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. "எங்கூருல யாரும் தண்ணியில கெடந்து ஐயாங்க மாட்டான். ஊவ்வ்னு ஊளையிடுவோம். அது எனக்கு மறந்தே போச்சு. இப்பப் போட்டுப் பாத்தேன், படகுல. வரல."

டம்ளரைக் கீழே வைத்தான்.

"கண்டிக்குப் போகல. அங்க போயி எறங்கினாலும் எவனாவது கூப்புட்டா நான் ஐயான்னுதான் நிப்பேன். அதுக்கு எதுக்குக் கப்பலு? வேலாயிக்குப் புள்ள பொறக்கட்டும். இங்கயே கெடப்போம்."

அவள் கேட்டது கிடைத்துவிட்டது. வாரம் முழுக்க எதற்காக அந்தத் தண்ணீரைக் கும்பிட்டாளோ அது கையில் வந்து விழுந்துவிட்டது. மகள் இருப்பாள். பேரப்பிள்ளை இருக்கும். ஆனால் புருஷனின் முதுகைப் பார்த்தாள். கம்பளிக்குள் அது பழையபடி குனிந்திருந்தது. காலையில் எட்டாம் நம்பரில் நிமிர்ந்து நின்றானே ஒரு ஆள், அந்த ஆளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவளே இல்லாமல் பண்ணிவிட்டாளோ?

அவள் நகர்ந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எப்படி இருக்கும்?" என்றாள்.

"எது?"

"ஒங்க கடல். இத்தன வருஷத்துல நான் கேட்டதே இல்ல."

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். வேடிக்கைக்குக் கேட்கிறாளா என்று பார்த்தான். இல்லை.

"கரையிலேருந்து எறங்கினா கணுக்கால் தண்ணிதான். ரொம்பத் தூரத்துக்குக் கணுக்கால்தான். நடந்துக்கிட்டே போகலாம். காலுக்குக் கீழ மண்ணு வரி வரியா இருக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் முட்டி. அங்க பாசி கெடக்கும், புல்லு மாதிரி. கால வச்சா மெத்துனு இருக்கும். சின்னச் சின்ன மீனு வந்து கெண்டைக்கால்ல இடிக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் கழுத்துக்கு வந்துடும். அங்கேருந்து நீச்சல். கொஞ்சம் போனா ஒரு மணல்திட்டு. வத்தும்போது மேல தெரியும். நண்டு ஓடும். அதுல ஏறி நின்னு பாத்தா ஊரு பூராவும் ஒரு கோடு மாதிரி இருக்கும்."

மூடுபனி கொஞ்சம் விலகி எட்டாம் நம்பரின் தலை தெரிந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பார்த்தேயிராத அந்த மணல்திட்டில் ஏறி நின்றுகொண்டிருந்தாள்.

"அதுக்கு அங்கிட்டு?" என்று கேட்டாள்.

ஆண்டியப்பன் ஒரு மிலாறை எடுத்துத் தீயில் போட்டான்.

"அதுக்கு அங்கிட்டு ஆழம். பெரியவனானப்புறம் கூட்டிட்டுப் போறேன்னு எங்கப்பா சொல்லியிருந்தாரு" என்றான். "அதுக்குள்ள இங்க வந்துட்டேன்."